உடன்படிக்கை செய்யும் உரிமை

பழந்தமிழ் நாட்டில் வேந்தர் இருவர் போர் விடுத்து இணங்க விழைந்தபோது தூதர் அவர்களிடையே சென்றனர். அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றிற் காண்கின்றோம். திருவள்ளுவரும் தூதின் இயல்பைத் தனி அதிகாரமாக வகுத்துக் கூறினார். ஆயின், தூதன் கொணர்ந்த சொல்லை ஏற்பதும் மறுப்பதும் யாருடைய உரிமை என்னும் வினா அக்காலத்து எழுதற்கு இடமில்லை. அரசன் சொல்லே நாட்டின் சொல்லாக இருந்த காலம் அது.

மக்களே மன்னராய் விளங்கும் குடியரசில் நிலைமை வேறு. நாட்டின் பெயரால் அயல்நாட்டிற்கு வாக்குக் கொடுப்பவர் யாவர்? அவ்வாக்கைக் காத்தற்கு வேண்டிய சட்டத்தையும் பொருளையும் தருபவர் யாவர்? வேண்டாதபோது அதனை விடுப்பவர் யாவர்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை ஒருவரே ஆயின், அவர் பெயரளவில் தலைவராயினும் உண்மையிற் பழைய வேந்தரே ஆவர். விடை வெவ்வேறாயின், ஒரு கை கொடுத்ததை மற்றொரு கை மறுக்கவுங் கூடும். இவ்விரண்டு இடர்களுக்கும் நடுவே ஒரு நெறி காண முயன்ற நாடுகளுள் அமெரிக்க ஐக்கிய நாடுகள் முதன்மையானது. அந்நாட்டு முறையைச் சற்று விரிவாகவும், அதனோடு ஒப்பிட்டு நம் நாட்டு முறையைச் சுருக்கமாகவும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஓர் ஆற்றின் பொருட்டு

அமெரிக்க அரசியற் சட்டம் 1787-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் வரையப்பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்த ஒரு செய்தியை அறிந்தாலன்றி, உடன்படிக்கை பற்றி அச்சட்டம் கூறும் விதியின் கருத்து நன்கு விளங்காது.

அக்காலத்தில் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரம் ஸ்பெயின் நாட்டார் கையில் இருந்தது. மலைக்கு மேற்கே குடியேறிய அமெரிக்க உழவர்கள் தங்கள் விளைபொருள்களை அவ்வாற்றின் வழியாகவே கடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. வேறு நல்வழி அவர்க்கு இல்லை. ஸ்பெயினின் தூதர் கார்தோக்கி என்பாரோடு அயல்நாட்டுச் செயலாளர் ஜான் ஜே பேச்சு நடத்தினார். கால் நூற்றாண்டுக்குக் குறையாமல் அவ்வாற்றில் மரக்கலம் செலுத்தும் உரிமையை அமெரிக்கர் வற்புறுத்தாது விடுவராயின், ஸ்பெயின் தன் வாணிகத்தை அவர்களுக்குத் திறந்துவிடும் என்பது அப்பேச்சின் சாரம். அவ்வாணிகத்தால் ஊதியம் பெறுவோர் வடபுலத்துக் கடற்கரை வணிகர். ஆற்றை இழப்போர் தென்புலத்தாரும் மேற்புலத்தாரும். 1786-ஆம் ஆண்டு காங்கிரஸில் வாக்கெடுத்தபோது வடபுலத்து மாநிலங்கள் ஏழும் ஒருபுறமும் தென்புலத்து மாநிலங்கள் ஐந்தும் மறுபுறமும் நின்றன. அந்நாளைய விதிப்படி உடன்படிக்கைக்குப் பதின்மூன்று மாநிலங்களுள் ஒன்பதின் இசைவு வேண்டும். ஒன்பது கிட்டாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

நாட்டின் ஒரு பகுதியாருடைய பிழைப்பை மற்றொரு பகுதியார் அயலாரிடம் விலைபேசிவிடக் கூடும் என்னும் அச்சம் இதனால் யாவர் உள்ளத்திலும் பதிந்தது. அடுத்த ஆண்டு புதிய சட்டம் வரையக் கூடியவர்கள் இவ்வச்சத்தோடுதான் கூடினர்.

அவர்கள் முதலில் வரைந்த வரைவிலே உடன்படிக்கை செய்யும் அதிகாரம் செனட் சபைக்கே தரப்பட்டிருந்தது. கூட்டம் முடிதற்குச் சில நாள் முன்னரே குடியரசுத் தலைவர் அதிற் சேர்க்கப்பட்டார். முடிவில் அமைந்த விதி இது: தலைவர், செனட் சபையின் ஆலோசனையோடும் இசைவோடும் உடன்படிக்கை செய்யலாம், ஆனால் அவைக்கு வந்துள்ள உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் இசைதல் வேண்டும். செனட் சபையில் ஒவ்வொரு மாநிலத்திற்கும், சிறிதாயினும் பெரிதாயினும், இரண்டு இடங்கள். ஆதலின் ஒரு சில மாநிலங்கள் கூடி ஏனையோரின் ஆற்றை விற்றல் இயலாதாயிற்று.

இவ்வதிகாரம் நிருவாகத்தைச் சார்ந்ததோ, சட்டமியற்றலைச் சார்ந்ததோ என்னும் ஐயம் அப்போதே எழுந்தது. ஹாமில்டன் தம் கட்டுரையொன்றில் இதற்கு விடை கூறினார். குடிகளுக்கு விதி வகுத்தல் சட்டம். வகுத்த விதியை நடத்துதல் நிருவாகம். உடன்படிக்கையோ அவ்விரண்டும் ஆகாது, அரசுக்கும் அரசுக்கும் இடையே நிகழும் ஒப்பந்தம் என்பது அவர் கருத்து. தனி இயல்புடைய செயலாதலின் அதனை ஒரு துறையின்பால் மட்டும் ஒப்படைத்தல் தகாது என்று அவர் கொண்டார்.

பேசுதலும் இசைதலும்

விதியில் 'ஆலோசனை' என்றும் 'இசைவு' என்றும் இரு சொற்கள் உள. முதற் சொல் விரைவிலேயே வலியிழந்தது. 1789-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வாஷிங்டன், தென்புலத்துப் பழங்குடியினரோடு செய்யவிருந்த உடன்படிக்கையைக் குறித்து ஆலோசனை கேட்க நேரே செனட் சபைக்குச் சென்றார். உறுப்பினர்கள் உடனே விடை கூறாது, அதனை ஒரு குழுவின் ஆராய்ச்சிக்கு விட வேண்டும் என்றனர். தலைவர் பெரிதும் வெகுண்டார். மறுமுறை வந்து காரியத்தை முடித்துக்கொண்டாரெனினும், அதன்பின் அவர் இவ்வாறு நேரிற் சென்று ஆலோசனை கேட்டிலர். அயல்நாட்டாரோடு பேசுதல் தலைவர் செயல், பேசி முடித்ததற்கு இசைதல் செனட் சபையின் செயல் என்னும் வழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. செனட் சபை உடன்படிக்கையை உறுதிப்படுத்துகிறது எனப் பலர் கூறுவர். அது முற்றும் சரியன்று. சபை இசைவு மட்டுமே தருகின்றது; உறுதிப்படுத்துபவர் தலைவரே. சபை இசைந்த பின்னும் தலைவர் அதனை உறுதிப்படுத்தாது விடலாம். சபையும் 'முழுவதும் ஏற்கிறோம்' அல்லது 'முழுவதும் மறுக்கிறோம்' என்று மட்டுமே கூற வேண்டும் என்பதில்லை. சில நிபந்தனைகளைச் சேர்த்தும் இசையலாம். 1794-ஆம் ஆண்டு பிரிட்டனோடு ஜே செய்துவந்த உடன்படிக்கைக்கு, அடுத்த ஆண்டு சபை அதன் பன்னிரண்டாம் பிரிவை விலக்கியே இசைந்தது. அன்று வாக்குகள் 20-க்கு 10. மூன்றில் இரு பங்கிற்கு ஒன்றும் மிகவில்லை, ஒன்றும் குறையவில்லை.

ஏழு வாக்குகள்

தலைவரும் சபையும் ஒத்துழையாராயின் விளைவது யாது என்பதற்கு வெர்சேல்ஸ் உடன்படிக்கையினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. முதல் உலகப் போர் முடிந்தபின் தலைவர் வில்சன் பாரிஸ் நகருக்குத் தாமே சென்றார். நாடுகளின் சங்கம் என்னும் பேரமைப்பை நிறுவித் தருவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். ஆயினும் தம்மோடு செனட் உறுப்பினர் ஒருவரையேனும் அழைத்துச் சென்றிலர். 1918-ஆம் ஆண்டுத் தேர்தலிற் சபையின் பெரும்பான்மை எதிர்க்கட்சியிடம் சென்றிருந்தது. அயல்நாட்டு உறவுக் குழுவின் தலைமை ஹென்றி காபட் லாட்ஜிடம் இருந்தது.

1919-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சங்கத்து உறுப்பு நாடொன்று தாக்கப்பட்டால் ஏனையவை அதனைக் காத்தல் வேண்டும் என்னும் பத்தாம் பிரிவைக் கண்டு சபையிற் பலர் அஞ்சினர். நாட்டைப் போரில் இறக்கும் உரிமை காங்கிரஸுக்கே உரியதாயிருக்க, ஓர் உடன்படிக்கை அவ்வுரிமையைப் பறித்துவிடாதோ என்பது அவர் வினா. லாட்ஜ் பதினான்கு நிபந்தனைகளை முன்வைத்தார். வில்சன் அவற்றுக்கு இணங்க மறுத்து, மக்களிடமே முறையிட மேற்புலமெங்கும் சுற்றுப்பயணம் செய்தார். வழியில் உடல் நலிந்து திரும்பி, அக்டோபர் மாதத்திற் பக்கவாதத்தால் வீழ்ந்தார். நவம்பர் 19-ஆம் நாள் நிபந்தனைகளோடு கூடிய உடன்படிக்கைக்கு ஆதரவாக 39 வாக்குகளும் எதிராக 55 வாக்குகளும் விழுந்தன. நிபந்தனையின்றி எடுத்த வாக்கும் தோற்றது. 1920-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆம் நாள் மீண்டும் வாக்கெடுத்தபோது இசைந்தோர் 49, மறுத்தோர் 35. வந்திருந்தோர் 84 பேருக்கு மூன்றில் இரு பங்கு 56 ஆகும். ஏழு வாக்குகள் குறைந்தன.

பெரும்பான்மையோர் இசைந்தும் உடன்படிக்கை தோற்றதன் காரணம் மூன்றில் இரு பங்கு என்னும் விதி மட்டுமன்று. நிபந்தனையோடு ஏற்க வேண்டா என்று வில்சனே தம் கட்சியினரைத் தடுத்திருந்தார். அமெரிக்கா சங்கத்திற் சேரவில்லை. ஜெர்மனியோடு 1921-ஆம் ஆண்டில் தனி உடன்படிக்கை செய்துகொண்டது. இப்பாடம் மறக்கப்படவில்லை. 1945-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிற்குச் சென்ற அமெரிக்கக் குழுவில் ஆளுங்கட்சிச் செனட்டர் கன்னலியும் எதிர்க்கட்சிச் செனட்டர் வாண்டன்பர்க்கும் இடம்பெற்றனர். ஐக்கிய நாடுகள் சாசனத்துக்குச் சபை 89-க்கு 2 என்னும் வாக்குகளால் இசைவு தந்தது. முடிவில் இசைய வேண்டியவரைத் தொடக்கத்திலேயே உடன் அமர்த்துதல் எத்துணைப் பயனுடைத்து என்பதை இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்து நோக்கின் உணரலாம்.

நிறைவேற்றுதல்

உடன்படிக்கைகள் நாட்டின் தலைமைச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அமெரிக்க அரசியற் சட்டம் கூறுகின்றது. ஆயினும் பொருளின்றி எவ்வாக்கும் நிறைவேறாது. பொருளின் திறவுகோலோ பிரதிநிதிகள் சபையின் கையில் உள்ளது. ஜே செய்த உடன்படிக்கையை நிறைவேற்றப் பணம் வேண்டியபோது, 1796-ஆம் ஆண்டில் அச்சபை அப்பேச்சு பற்றிய கடிதங்களைக் காட்டுமாறு கேட்டது. உடன்படிக்கையில் உங்களுக்குப் பங்கில்லை என்று கூறி வாஷிங்டன் மறுத்தார். முடிவிற் பணம் தரப்பட்டது. ஆனால் 51-க்கு 48 என்னும் வாக்குகளால். மூன்று வாக்குகளே வேற்றுமை. சட்டத்தில் இடம்பெறாதவரும் செயலில் இடம்பெறுவர் என்பது இதனால் விளங்கும்.

நீதிமன்றத்திற்கும் ஒரு பங்கு உண்டு. காங்கிரஸ் தனித்துச் செய்ய இயலாததையும் உடன்படிக்கையின் வழியே செய்யலாம் என்று 1920-ஆம் ஆண்டில், வலசை போகும் பறவைகளைக் காக்கும் சட்டம் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் குடிகளுக்கு அரசியற் சட்டம் தந்த காப்பை எந்த உடன்படிக்கையும் அழிக்க மாட்டாது என்பதை 1957-ஆம் ஆண்டின் தீர்ப்பொன்றால் எல்லைகட்டிக் காட்டியது.

பெயர் மாற்றமும் விடுத்தலும்

வாயில் குறுகலாயின் வேறு வழி தேடுதல் மனித இயல்பு. 1940-ஆம் ஆண்டு செப்டம்பரில் தலைவர் ரூஸ்வெல்ட் பழைய நாசகாரிக் கப்பல்கள் ஐம்பதைப் பிரிட்டனுக்குக் கொடுத்து, அதன் உடைமைகளிற் கடற்படைத் தளங்களை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றார். இது 'உடன்படிக்கை' எனப்படாமல் 'நிருவாக ஒப்பந்தம்' எனப்பட்டது. செனட் சபையின் இசைவு கேட்கப்படவில்லை. அன்று தொட்டு அந்நாடு அயலாரோடு செய்த ஒப்பந்தங்களுள் மிகப் பெரும்பாலானவை இவ்வகையினவே. மற்றொரு வழி, இரு சபைகளின் சாதாரணப் பெரும்பான்மையோடு ஒப்பந்தத்தைச் சட்டமாக்குதல். 1993-ஆம் ஆண்டில் வட அமெரிக்கத் தடையிலா வாணிக ஒப்பந்தம் செனட் சபையில் 61-க்கு 38 என்னும் வாக்குகளால் நிறைவேறியது. உடன்படிக்கை என்ற பெயரோடு வந்திருப்பின் அவ்வாக்குகள் போதா.

விடுத்தலைப் பற்றி அரசியற் சட்டம் ஒரு சொல்லும் கூறவில்லை. 1798-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டோடு இருந்த உடன்படிக்கைகளைக் காங்கிரஸ் சட்டமியற்றி நீக்கியது. 1978-ஆம் ஆண்டிலோ, தைவானோடு 1954-இல் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையை முடித்துக்கொள்வதாகத் தலைவர் கார்ட்டர் தாமே அறிவித்தார். செனட்டர் கோல்டுவாட்டரும் பிறரும் வழக்காடினர். 1979-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. இஃது அரசியல் வினா, நீதிமன்றத்துக்கு உரியதன்று என்றனர் நீதிபதிகளுள் நால்வர். காங்கிரஸ் முழுவதும் எதிர்த்து நில்லாத நிலையில் வழக்கு இன்னும் பழுக்கவில்லை என்றார் ஒருவர். எனவே சேர்தற்கு மூன்றில் இரு பங்கினர் வேண்டும், பிரிதற்கு ஒருவர் போதும் என்னும் வியத்தகு நிலை ஏற்பட்டது. 2023-ஆம் ஆண்டு இறுதியிற் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, வட அட்லாண்டிக் உடன்படிக்கையினின்று தலைவர் தனித்து விலகலாகாது என்று விதித்தது. சட்டம் வாய்திறவாத இடத்தில் விரைந்து செயலாற்றும் கையே உரிமையைக் கவர்ந்துகொள்ளும் என்பதும், கவர்ந்ததை மீட்டற்கு நெடுங்காலம் ஆகும் என்பதும் இவற்றால் நாம் அறியும் உண்மைகள்.

நம் நாட்டில்

இந்திய முறை பிரிட்டிஷ் வழக்கை ஒட்டியது. உடன்படிக்கை செய்தல் மத்திய நிருவாகத்தின் உரிமை. கையெழுத்திடுமுன் பாராளுமன்றத்தின் இசைவு பெறவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆனால் உடன்படிக்கையால் நாட்டின் சட்டம் மாற வேண்டுமாயின் பாராளுமன்றமே அதனை இயற்ற வேண்டும். அரசியற் சட்டத்தின் 253-ஆம் விதி, மாநிலங்களுக்குரிய பொருள்களிலும் இதன்பொருட்டுச் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கு வழங்குகின்றது. மாநிலங்களுக்கோ இச்செயலில் இடமில்லை.

நிலத்தைக் கொடுத்தல் மட்டும் தனி வகை. 1958-ஆம் ஆண்டில் பிரதமர் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் செய்த ஒப்பந்தப்படி, வங்காளத்து ஜல்பாய்குரி மாவட்டத்தைச் சேர்ந்த பெருபாரி என்னும் பகுதியிற் பாதியைப் பாகிஸ்தானுக்குத் தர வேண்டியிருந்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நாட்டின் நிலத்தை அயலாருக்குக் கொடுக்க நிருவாகத்தின் ஆணையும் போதாது, சாதாரணச் சட்டமும் போதாது, அரசியற் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டில் நீதிமன்றம் கருத்துரைத்தது. அவ்வாண்டே ஒன்பதாம் திருத்தம் நிறைவேறிற்று. ஆயினும் நிலம் கைமாறாமலே காலங் கழிந்தது. 1971-இல் பங்களாதேசம் பிறந்தது. 1974-ஆம் ஆண்டின் புதிய உடன்படிக்கை அப்பகுதியை இந்தியாவிடமே விட்டது.

தாமதம் பெருபாரி மக்களைக் காத்தது என மகிழ்வோர் அதன் மறுபுறத்தையும் நோக்கல் வேண்டும். அதே 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கை, இரு நாடுகளுக்குள்ளும் தீவுகள்போற் சிதறிக் கிடந்த அயல்நாட்டுத் திட்டுகளை மாற்றிக்கொள்ளவும் வகைசெய்தது. இந்தியாவில் அதற்கு வேண்டிய நூறாம் அரசியற் சட்டத் திருத்தம் 2015-ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. 162 திட்டுகளில் வாழ்ந்த ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் நாற்பத்தோர் ஆண்டுகள் எந்நாட்டின் காப்பையும் முற்றப் பெறாமற் காத்திருந்தனர். பல கைகள் சேர வேண்டும் என்னும் விதிக்கு விலை உண்டு. அவ்விலையைப் பெரும்பாலும் ஏழையரே கொடுக்கின்றனர்.

இனி நம் கரையை நோக்குவாம். 1974-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கை, பாக்கு நீரிணையிற் கச்சத்தீவை இலங்கையின் பக்கத்தில் வைத்து எல்லை வகுத்தது. வழக்கிலிருந்த எல்லையைத் தெளிவாக்கியதேயன்றி நிலம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்பது மத்திய அரசின் கொள்கை. எல்லை வழக்கைத் தீர்த்தற்கு அரசியற் சட்டத் திருத்தம் வேண்டா என்று 1969-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கட்ச் பகுதி வழக்கிற் கூறியிருந்தது. ஆதலிற் கச்சத்தீவின் பொருட்டுத் திருத்தம் எதுவும் செய்யப்பெறவில்லை. அவ்வாண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மாறுபட்டுத் தீர்மானம் இயற்றியது. அத்தீர்மானத்துக்கு உடன்படிக்கையை நிறுத்தும் வலிமை இல்லை. 'கொடுத்தல்' என்பதா, 'வரையறுத்தல்' என்பதா என்னும் ஒரு சொல்லின் வேற்றுமையே யார் யாரைக் கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டது.

அமெரிக்கரின் 'நிருவாக ஒப்பந்தம்' என்ற பெயரும் நம் 'எல்லை வரையறுத்தல்' என்ற பெயரும் வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு காரணத்தால் எழுந்தவை. ஆயினும் கேட்கப்பட வேண்டியவரின் தொகையைக் குறைத்தல் இரண்டிற்கும் பொதுவான விளைவாகும்.

முடிவுரை

மூன்று துறைகளும் உடன்படிக்கையிற் பங்குகொள்ளுதல் ஒன்றையொன்று தடுத்தற் பொருட்டே என்று பலர் கருதுவர். மிசிசிப்பிக் கரையின் உழவர் கதையை எண்ணுவோர்க்கு அதன் ஆழ்ந்த கருத்துப் புலனாகும். பேச்சு நிகழும் மேசையருகே உழவனுக்கும் மீனவனுக்கும் நாற்காலி இல்லை. அங்கே இரகசியமும் விரைவும் வேண்டியிருப்பதால் இருத்தலும் அரிது. அவன் குரல் நுழையக்கூடிய ஒரே வாயில், அவன் தேர்ந்தனுப்பிய சபை. அவ்வாயில் மிகக் குறுகலாயின் நன்மையும் உள்ளே வாராது; அடைபட்டாலோ அவன் ஆறும் கடலும் அவனறியாமலே பேசி முடிக்கப்படும். நம் பாராளுமன்றம் கையெழுத்துக்கு முன்னரே முக்கியமான உடன்படிக்கைகளைக் காண வேண்டும் என்றும், எப்பகுதியின் வாழ்வைத் தொடுகின்றதோ அப்பகுதியின் சட்டமன்றத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் விதி அமைத்தல் இயலாத செயலன்று. 1945-இல் இரண்டு செனட்டர்களை உடன் அழைத்துச் சென்றமையாற் பேச்சின் விரைவு கெடவில்லை.

இன்று கல்லூரியிற் பயிலும் நாம் நாளை வாக்களிப்போர். நம்முட் சிலர் சபைகளில் அமர்தலும் கூடும். நாட்டின் பெயரால் ஒரு சொல் கொடுக்கப்படும்போது, அச்சொல்லைத் தன் வாழ்வாற் காக்க வேண்டியவன் கேட்கப்பட்டானா என்று வினவும் பழக்கத்தை இப்போதே நாம் மேற்கொள்வோமாக.